ஒரு சொல்லையும் மாற்றாதே

செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், இதென்ன கடுதாசி என்று நினைப்பாய். நம் வீட்டுப் போனில் பேசுவதும் மைக் பிடித்துப் பேசுவதும் ஒன்று. நீ ஹலோ சொல்வதற்குள் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். அம்மா அடுப்படியிலிருந்து, அத்தை மாடிப்படியிலிருந்து, எதிர்வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து, ஆளாளுக்குக் கேட்கிறோம். ஈமெயில் இன்னும் மோசம். அதை அப்பா நம் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து, நகல் எடுக்க வந்தவர்களுக்கும் சேர்த்து வாசிக்கிறார். "என் பெரிய பொண்ணு எழுதியிருக்கா, கேளுங்க." அதனால்தான் இது. பதிலை லேப் முகவரிக்கே போடு. வீட்டுக்குப் போட்டு மானத்தை வாங்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். நானும் மாஸ்டர்ஸ் படிக்க அங்கே விண்ணப்பிக்கப் போகிறேன். உன் யுனிவர்சிட்டியில், நீ படித்த அதே துறையில். சிரிக்காதே.

லேபில் என் வேலை உனக்குத் தெரியும். யாராவது பழரச பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவருவார்கள். "பாட்டில நல்லா கழுவினீங்களா?" என்றால், "லேசா அலம்பினேம்மா" என்பார்கள். நம் பாட்டிலைக் கொடுத்து மறுபடி அனுப்ப வேண்டும். தண்ணீர் வந்ததும் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, சிவப்பு நீலமாகும் இடத்தில் நிறுத்தி, எண்ணை எழுதி, மேடத்திடம் கொடுப்பேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட எனக்குத் தகுதி இல்லை. அதற்கு மாஸ்டர்ஸ் வேண்டுமாம். மேடம் லீவு போட்டால், அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜனங்கள் அதுவரை அதைத்தான் குடிக்கிறார்கள்.

அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. "கோடைலேர்ந்து கடைல நீ உக்காரு, உனக்கும் இந்த வேலை நிரந்தரம் இல்ல" என்கிறார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, அக்கா. எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு சிக்கல். சிபாரிசுக் கடிதம் இரண்டு வேண்டும். ஒன்றை லேப் மேடம் தருகிறார். இன்னொன்றுக்கு நம் கல்லூரிச் செருமல் சாரிடம் போனேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு எங்கம்மா நேரம்? நீயே எழுதி எடுத்துட்டு வா. நல்லா பெருமையா எழுது. கையெழுத்துதானே, போட்டுடறேன்" என்றார். எழுத உட்கார்ந்தேன். "இவள் கெட்டிக்காரி" என்று என்னைப் பற்றி நானே எழுதக் கை கூசுகிறது. "பரவாயில்லை" என்று எழுதி அதையும் அடித்துவிட்டேன். நீ எழுதித் தருவாயா? டிசம்பர் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
வாலு

செப்டம்பர் 28

அன்புத் தங்கைக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போ, தள்ளிப் போடாதே.

உன் முடிவு நல்ல முடிவுதான். ஆனால் வேறு இரண்டு மூன்று இடங்களுக்கும் சேர்த்துப் போட்டு வை. அக்காவும் தங்கையும் ஒரே துறையில் என்றால் இங்கே ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

பெரிய மகள் அங்கேயே ஆராய்ச்சி வேலையில் இருக்கிறாள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்கிறார். இருக்கிறேன்தான். அது வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு குழு உட்கார்ந்து என் பெயரை எடுத்து வைத்துப் பேசும். புதுப்பிக்கவில்லையென்றால் விசாவும் போச்சு, மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை ஸ்பீக்கரில் சொல்ல முடியுமா? உனக்குத்தான் சொல்கிறேன். என் அறையும் நீ நினைப்பதுபோல் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். அடுப்படி பொது. ஃபிரிட்ஜில் ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் ஒட்டியிருக்கும். ஒட்ட மறந்தால் அது ஊர்ப் பொதுச் சொத்து.

சார் கடிதத்தைப் பற்றிக் கவலைப்படாதே. நான் வரும்போதும் அவர் அந்தச் செருமலைச் செருமி அதையேதான் சொன்னார். நான் எழுதித் தருகிறேன். நீ மொழித் தேர்வுக்குப் படி.

அன்புடன்,
அக்கா

அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. மீதி உயிர் சிபாரிசுக் கடிதம் வந்தால் வரும். நீ நலம்தானே?

மொழித் தேர்வு எழுதிவிட்டேன். பேச்சுத் தேர்வில் ஒருத்தி எதிரே உட்கார்ந்து, "உங்களுக்கு மறக்க முடியாத ஒரு பயணத்தைப் பற்றிப் பேசுங்கள்" என்றாள். நான் எங்கே போனேன் பயணம்? வீட்டிலிருந்து லேப், லேபிலிருந்து கடை. உன்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்ததைச் சொன்னேன். திரும்பி வந்ததும் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் கடையைத் திறந்தார் என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மார்க் நன்றாகவே வந்திருக்கிறது.

வேறு இடங்களுக்குப் போடச் சொன்னாய். போடவில்லை. நீ இருக்கிற இடம் இருக்க எனக்கு வேறு இடம் எதற்கு? கட்டிலில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் என்றாயே, நான் தரையில் படுத்துக்கொள்கிறேன். ஃபிரிட்ஜ் டப்பாவில் ஒரே பெயரை ஒட்டினால் போதும்.

மேடம் தன் கடிதத்தைத் தானே உட்கார்ந்து எழுதினார். "நான் பார்க்காத எதையும் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, நாலு வரியோடு முடித்துவிட்டார். நேரத்துக்கு வருவாளாம், அளவு தவறாதாம், தெரியாததைத் தெரியாது என்பாளாம். இதற்கெல்லாம் யாராவது சீட் கொடுப்பார்களா? உன் கடிதம்தான் என்னைத் தூக்கி நிறுத்த வேண்டும். சீக்கிரம் அனுப்பு தாயே.

வாலு

நவம்பர் 21

அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டேன். போன ஞாயிறு "வேற என்ன விசேஷம்?" என்று கேட்டேனே, அது எதைப் பற்றி என்று உனக்குப் புரியவில்லையா? நீ "ஒண்ணும் இல்ல" என்றாய். அத்தை, "ஏண்டி, அக்காக்கிட்ட பேசறப்ப ஏன் பல்லைக் கடிக்கற?" என்கிறாள்.

கடிதம் இன்னும் வரவில்லை. சார் அடுத்த மாதம் பாதியில் லீவில் போகிறார். தபால்காரரைப் பார்த்தாலே எழுந்து நிற்கிறேன். லேபில் எல்லோரும் எனக்குக் காதல் கடிதம் வருகிறது என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

உனக்கு முடியாது என்றால் சொல்லிவிடு. நானே தப்பும் தவறுமாக எழுதிக்கொள்கிறேன்.

வாலு

டிசம்பர் 3

அன்புத் தங்கைக்கு,

கோபித்துக்கொள்ளாதே. வேலை கழுத்தைப் பிடிக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். கல்லூரித் தாளில் அப்படியே தட்டச்சு செய்து, சாரிடம் கையெழுத்து வாங்கி, கவரை ஒட்டிய இடத்தின் மேலேயும் முத்திரை போடச் சொல். ஒரு சொல்லையும் மாற்றாதே. உன் இங்கிலீஷை ஊடே கலந்தால் காரியம் கெட்டுவிடும். இந்த மாதிரி எழுதினால்தான் இங்கே எடுபடும், எனக்குத் தெரியும்.

போனில் இதைப் பற்றி எதுவும் பேச வேண்டாம்.

அக்கா

டிசம்பர் 20

என் அருமை அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். நூறு வயசு இருக்க வேண்டும்.

உன் தாளை லேப் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து படித்தேன். "எல்லோரும் போன பிறகும் இருந்து, மற்றவர்கள் போட்டுவிட்டுப் போன குடுவைகளையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் யாரிடமும் சொன்னதில்லை." இந்த இடத்தில் அழுதுவிட்டேன். மேடம் ஏதோ ஆசிட் பட்டுவிட்டது என்று ஓடிவந்தார்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? நான் கல்லூரியில் சேரும்போது நீ அங்கே போயாகிவிட்டதே. உள்ளதைச் சொன்னால், நான் என்றைக்கோ ஒருநாள்தான் அப்படி இருந்திருப்பேன். மணி அடித்ததும் கடைக்கு ஓட வேண்டுமே. ஆனால் நீ எழுதியதைப் படித்த பிறகு, தினமும் இருந்தவள் மாதிரியே எனக்குத் தோன்றுகிறது. இப்போது நிஜமாகவே லேபில் கடைசியில் கிளம்புகிறேன். எல்லார் குடுவையையும் கழுவி வைக்கிறேன். நீ எழுதியது பொய்யாகிவிடக் கூடாதில்லையா?

சார் போனில் யாரோடோ வாடகை வீடு பற்றிப் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஒரு வரி படிக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாள் என் அக்கா, படிய்யா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எகிறுவார் என்று நினைத்தேன். மெஷினில் தாளை அடுக்கி மூடினார். "அக்கா பக்கத்துல இருப்பா, சரி" என்றார். பிறகு நகல் எடுக்க வந்தவரிடம், "ரெண்டாவதும் போறா" என்றார். இன்னும் சீட்டே கிடைக்கவில்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

வாலு

ஜனவரி 18

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். இங்கே பனி. வாசற்படி வழுக்குகிறது.

அந்த வரிகளை இவ்வளவு பெரிதாக நினைக்காதே. சிபாரிசுக் கடிதம் என்றால் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். மற்றவர் குடுவைகளையெல்லாம் நீ கழுவ வேண்டியதில்லை, வேலை முடிந்தால் வீட்டுக்குப் போ.

வேறு இடங்களுக்குப் போடச் சொன்னேனே. இப்போதுகூட ஒன்றிரண்டு திறந்திருக்கும். பார்.

அக்கா

மார்ச் 1

அக்காவுக்கு,

நலமா? இங்கே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

யுனிவர்சிட்டியிலிருந்து பதில் வந்துவிட்டது. என் விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டார்கள். இடம் இல்லை என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். கல்லூரிப் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் அவர்களிடம் ஏற்கெனவே உள்ள இன்னொரு விண்ணப்பதாரரின் கடிதத்தோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறதாம். பெயர் மட்டும்தான் வேறாம். இனிமேல் நான் அங்கே எப்போதும் விண்ணப்பிக்கக் கூடாதாம். வேறு எந்த இடம் கேட்டாலும் காரணத்தைச் சொல்வார்களாம்.

என்ன அநியாயம் இது! நீ உட்கார்ந்து எனக்காக எழுதிய கடிதம் வேறொருவருடையதோடு எப்படி ஒத்துப்போகும்? ஒருவேளை சார் உன் வரிகளை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாரா? அவரிடம் ஓடினேன். யுனிவர்சிட்டியிலிருந்து அவரையும் கேட்டிருக்கிறார்கள். "நம்பிக் கையெழுத்துப் போட்டேன், இந்தப் பொண்ணு ஏமாத்திட்டானு எழுதிட்டேன். என் பேரை நான் காப்பாத்திக்க வேணாமா?" என்கிறார். இந்தத் தடவை செருமக்கூட இல்லை.

நீ அந்தத் துறையிலேயே இருக்கிறாய். நேரே போய்ச் சொல். "நான்தான் எழுதினேன், என் தங்கையை நினைத்து எழுதினேன், எங்கள் ஊரில் மாணவர்களேதான் எழுதிக்கொண்டு போவார்கள்" என்று சொல். நீ சொன்னால் கேட்பார்கள். சீட் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, திருடி என்ற பெயர் வேண்டாம்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. உடனே எழுது.

வாலு

மார்ச் 20

அக்கா,

பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னதை உனக்கே திருப்பி எழுதுகிறேன், ஸ்பீக்கரில் கேட்டவள் நான்தானே. "அப்பா, ஒரு விஷயம் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. வாலு பக்கத்துல இருக்காளா? இருக்கட்டும். நான் கிளம்பறதுக்கு முன்னாடி கடை கம்ப்யூட்டர்ல என் லெட்டர் எல்லாம் வச்சிருந்தேன்ல? அதுலேர்ந்து எடுத்துப் பேரை மாத்திப் போட்டிருக்கா. எனக்கே இங்க கூப்பிட்டுக் கேட்டப்பதான் தெரியும். சின்னப் பொண்ணு, அவசரத்துல பண்ணிட்டா. திட்டாதீங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அது உன் கடிதம் என்று. நீ அங்கே போகும்போது உன்னைப் பற்றி நீயே எழுதிக்கொண்ட கடிதம். எல்லோரும் போன பிறகும் இருந்து குடுவை கழுவியவள் நீ. என் பெயரை மேலே ஒட்டி எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

என் வாயிலிருந்து "அக்கா" என்ற ஒரு சொல்தான் வந்தது. நீ உடனே, "சரி சரி, அழாதடி" என்றாய். நான் அழவே இல்லை. ஆனால் நீ சொன்னதும் எல்லோரும் நான் அழுவதாகவே நினைத்துக்கொண்டார்கள். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள்.

என்ன சாமர்த்தியம் உனக்கு! தனியாகச் சொல்லியிருந்தால் நான் கேள்வி கேட்டிருப்பேன். சபையில் வைத்துச் சொன்னாய். கடையில் உன் பட்டம் ஃபிரேம் போட்டுத் தொங்குகிறது, அதன் கீழே உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் நான் போய், அவள் பொய் சொல்கிறாள் என்றால் நம்புவாரா? அவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் கடைக் கம்ப்யூட்டரின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். நான் உள்ளே போனால் பேச்சை நிறுத்துகிறார். அத்தைக்கு ஒரே சிரிப்பு: "நகல் கடைக்காரர் பொண்ணுங்கறத நிரூபிச்சிட்டா!"

உன் டிசம்பர் கடிதம் என் லேப் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஒரு சொல்லையும் மாற்றாதே என்று உன் கைப்பட எழுதிய கடிதம்.

ஏன் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

ஏப்ரல் 6

அன்புத் தங்கைக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. தூக்கம் இல்லை.

ஏன் என்று கேட்கிறாய். நவம்பர் முழுக்க எனக்கு மூச்சுவிட நேரமில்லை. நீ அவசரப்படுத்தினாய். உட்கார்ந்து புதிதாக எழுத முடியவில்லை, இருந்ததை எடுத்து அனுப்பினேன். அவ்வளவுதான். பழைய கோப்புகளை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இந்த வருஷம் பார்த்துத் தொலைத்திருக்கிறார்கள். ஒரே கல்லூரி, ஒரே பேராசிரியர் என்று அலுவலகப் பெண் ஒருத்தி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அதனால்தான் வேறு இடத்துக்குப் போடு, போடு என்று உன்னிடம் தலையில் அடித்துக்கொண்டேன். நீ கேட்கவில்லை.

ஒரு பெரிய மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மூன்று பேர். "உங்கள் கடிதத்தை எழுதியது யார்?" என்றார்கள். நானேதான் எழுதினேன் என்று சொன்னால் என் பட்டம் போயிற்று, வேலை போயிற்று, அப்பா கடைச் சுவரிலிருந்து அந்த ஃபிரேமைக் கழற்ற வேண்டும். அது உனக்குச் சந்தோஷமா? சார்தான் எழுதினார், என்னிடம் இருந்த நகலைக் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து நீ எடுத்துவிட்டாய் என்றேன். உனக்குப் போனது ஒரு விண்ணப்பம். எனக்கு எல்லாமே போயிருக்கும். இருவரும் மூழ்குவதைவிட ஒருத்தி கரையேறட்டும் என்று நினைத்தேன். என் இடத்தில் இருந்திருந்தால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய்.

இந்த மாதம் என் வேலையைப் புதுப்பிக்க வேண்டும். நான் சொன்னதை நீயும் மே பாதிக்குள் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும், அதன் பிறகுதான் முடிவு என்கிறார்கள். உனக்குச் சிரமம் வேண்டாமென்று நானே எழுதி வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால் போதும். சாட்சியாக, கடைக்காரர் என்ற முறையில், அப்பாவின் கையெழுத்தும் வேண்டும். ஒரு சொல்லையும் மாற்றாதே. நான் அங்கே சொன்னதற்கும் இதற்கும் முரண் வந்தால் முடிந்தது.

பழைய கடிதங்களை வைத்துக்கொள்ளாதே. கிழித்துப் போட்டுவிடு. எப்போதாவது இதற்கெல்லாம் உனக்கு ஈடு செய்வேன்.

அக்கா

ஏப்ரல் 25

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

நீ அனுப்பிய தாளைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். "என் அக்காவின் அனுமதியின்றி, அவர் அறியாமல், தந்தையின் கடைக் கணினியிலிருந்து எடுத்தேன். பேராசையே காரணம். வெட்கப்படுகிறேன்." இதையும் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்துதான் படித்தேன். அழவில்லை.

போன தடவை நீ எழுதியதில் நான் யாரும் கேட்காமலே உழைப்பவள். இந்தத் தடவை திருடி. இரண்டும் உன் எழுத்து. இரண்டிலும் நான் இல்லை. மேடம் எழுதிய நாலு வரிதான் என்னைப் பற்றியது என்று இப்போது தெரிகிறது. நேரத்துக்கு வருவாள், அளவு தவறாது. அதை நான் கேலி செய்தேன்.

அப்பாவிடம் தாளை நீட்டினேன். "பெரியவ அனுப்பினதா?" என்றார். ஆமாம் என்றேன். "படிச்சுப் பாருங்கப்பா" என்றேன். "அவ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று கண்ணாடியைக்கூடத் தேடாமல் போட்டுவிட்டார். செருமல் சார் போட்ட மாதிரியே. ஒரு நிமிஷம் அவர் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்றிருந்தது. அவர் நிமிர்ந்து சுவரில் இருக்கும் ஃபிரேமைப் பார்த்தார். தூசு தட்டு என்றார். தட்டினேன்.

நானும் போட்டுவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, நான் என் கையால் பார்த்த தண்ணீருக்குக்கூட என்னைக் கையெழுத்துப் போட விட்டதில்லை. என் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று கேட்டு வாங்கிய முதல் ஆள் நீதான். தாள் இதோடு இருக்கிறது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து கடையில் உட்காருகிறேன். லேபில் இன்றும் எல்லோரும் போன பிறகு குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்தேன். அது உன் பழக்கம் என்று தெரிந்த பிறகும் கை நிற்கவில்லை.

பழைய கடிதங்களைக் கிழிக்கச் சொன்னாய். அதை மட்டும் செய்யவில்லை. யாருக்கும் காட்ட மாட்டேன், பயப்படாதே. ஆனால் கிழிக்க மாட்டேன்.

உன் இடத்தில் நான் இருந்தாலும் இதையே செய்திருப்பேன் என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். எனக்கு அந்த இடம் கிடைக்கவில்லை, அதனால் தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்துகொள். பாசத்தில் கையெழுத்துப் போட்டேன் என்று நினைத்துக்கொண்டு அங்கே நிம்மதியாகத் தூங்காதே. வேலை போனால் நீ இங்கே திரும்பி வருவாய். அப்பா உன்னைக் கட்டிக்கொண்டு அழுவார். அம்மா என் கட்டிலை உனக்குக் கொடுப்பாள். நான் உனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தர வேண்டும். அதை என்னால் பார்க்க முடியாது. நீ வரக் கூடாது என்பதற்காகத்தான் போட்டேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய். ஸ்பீக்கரில் எல்லோரும் இருப்போம். நான் நலமா என்று கேள், நலம் என்று சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கேயே இரு.

தங்கை